வந்த நாள், போன நாள்: வசந்தகாலப் பறவைக் காட்சிகளைக் குறித்துப் பகிர ஒரு வழிகாட்டி

வசந்தம் பிறந்ததும் "குயில் வந்துவிட்டது" என்ற செய்தி பறவை நோக்கர்களிடையே ஓடத் தொடங்கும். குயில் வாழும் பெரும்பாலான இடங்களில் அது எங்கிருந்தும் வருவதில்லை. குளிர்மாதங்களில் அதே தோப்பில், அடர்ந்த இலைகளுக்குள் பழம் தின்றுகொண்டு வாய் திறவாமல் இருந்த பறவைதான் இனப்பெருக்கக் காலம் நெருங்கியதும் கூவுகிறது. ஆகவே அந்தக் குறிப்பு 'வந்த நாள்' அல்ல, 'முதலில் கூவிய நாள்'. இரண்டுமே பயனுள்ள குறிப்புகள்தாம். ஒன்றின் பெயரில் மற்றொன்றை எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

தகைவிலான் விஷயம் வேறு. அது உண்மையாகவே கண்டம் விட்டுக் கண்டம் போகிற பறவை. வடக்கே அது கூடுகட்டும் நாடுகளில் வசந்தம் என்றால் வரவு. குளிர்காலத்தை அது கழிக்கும் வெப்ப நாடுகளில் அதே வாரங்கள் செலவு. நேற்றுவரை நிறைந்திருந்த மின்கம்பி காலியாகிவிடும். வரவைக் குறிப்பது எளிது, புதிதாய் ஒன்று கண்ணில் பட்டால் கை தானாகக் குறிப்பேட்டுக்குப் போகும். போகும் பறவை சொல்லிக்கொண்டு போவதில்லை. அதன் கடைசி நாளைப் பிடிக்க, அது இல்லாத நாட்களையும் எழுதியிருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது இதைத்தான்.

ஒரே இடம், ஒரே பாதை

நடந்தே போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குட்டை, கால்வாய் ஓரம், பூங்கா, கல்லூரி வளாகம், எதுவானாலும் சரி. பெயர்பெற்ற சரணாலயத்துக்கு மாதம் ஒருமுறை போவதைவிட, பக்கத்துக் குட்டைக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போவது வசந்தத்தில் அதிகம் சொல்லும். ஏப்ரல் 7 அன்று ஐந்து வாலாட்டிகள், 10 அன்று ஒன்றுமில்லை, 13 அன்றும் இல்லை என்று உங்கள் குறிப்பேடு சொன்னால், அவை 7க்கும் 10க்கும் இடையே கிளம்பின என்று துணிந்து கூறலாம். 7க்குப் பிறகு 28ஆம் தேதிதான் போனீர்கள் என்றால் உங்கள் கையில் இருப்பது மூன்று வார இடைவெளி. அதைக் 'கடைசி நாள்: ஏப்ரல் 7' என்று எழுதுவது தவறான தகவலாகிவிடும்.

பாதை, தொடங்கும் நேரம், கால அளவு மூன்றையும் மாற்றாதீர்கள். காலை 6:15க்குத் தொடங்கி ஒரு மணி நேரம், அதே ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த வாரத்துப் பட்டியலையும் அடுத்த வாரத்துப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ஒருநாள் ஒரு மணி நேரம், இன்னொரு நாள் நான்கு மணி நேரம் என்றால் எண்ணிக்கை ஏறியது பறவையாலா, உங்கள் பொறுமையாலா என்று யாருக்கும் தெரியாது.

விடுமுறை நாட்களில் மட்டும் போவதிலும் ஒரு சிக்கல் உண்டு. பலரும் அப்படிச் செய்வதால் முதல் வரவுத் தேதிகள் சனி, ஞாயிறுகளில் குவிந்துவிடும். மே மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பருவத்துக்கேற்ப இடம்பெயரும் பறவைகளுக்கான உலக வலசைப் பறவை நாள் என்பதால் அன்று பறவை பார்ப்போர் தொகை சட்டென்று கூடுகிறது. பிந்தித் தங்கிய பறவைகளின் பதிவுகளும் கூடவே கூடும். பார்த்த கண்கள் எத்தனை என்பது தெரியாமல் தேதியை மட்டும் வைத்து 'இந்த ஆண்டு சீக்கிரம் வந்தன, தாமதமாகப் போயின' என்று முடிவுகட்டக் கூடாது. வாரத்தில் ஒரு வேலை நாளையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரம், எந்தக் காற்று

கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், பூங்குருவி போன்ற சிறு பறவைகள் பெரும்பாலும் இரவில் வலசை போகின்றன. விடிவதற்குள் இறங்கி இரை தேடத் தொடங்கிவிடும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மூன்று மணி நேரம் இவற்றுக்கு உகந்தது. கழுகு, பருந்து போன்றவை நிலம் சூடாகி வெப்பக்காற்று மேலெழும் வரை காத்திருக்கும். அவற்றுக்காக விடியற்காலையில் நிற்பது வீண், பத்து மணிக்கு மேல் வானத்தைப் பாருங்கள். கடலோரச் சேற்றுப் பறவைகளுக்குக் கடிகாரம் ஓதம்தான், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. உயர் ஓதத்துக்கு இரண்டு மணி முன்பும் பின்பும் அவை ஒதுங்குமிடங்களில் நெருங்கிக் கூடும். எண்ணுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. நீர் முழுதும் வற்றியபின் போனால் ஒரு கிலோமீட்டர் சேற்றில் சிதறிய புள்ளிகளைத்தான் பார்ப்பீர்கள்.

இரவில் பின்காற்று அடித்தால் பறவைகள் உங்கள் தலைக்கு மேலேயே கடந்து போய்விடும், காலையில் மரங்கள் அமைதியாக இருக்கும். எதிர்க்காற்றோ விடியலுக்கு முந்தைய மழையோ வந்தால் நடுவழியில் இறங்கிவிடும். முந்தைய நாள் ஒன்றுமில்லாத வேலியோரம் முழுவதும் மறுநாள் கதிர்க்குருவிகளாக இருப்பது இப்படித்தான். விடியலில் மழை பெய்து ஓய்ந்த நாளில் உங்கள் முறை இல்லாவிட்டாலும் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். பட்டியலில் 'மழைக்குப் பின், கூடுதல் நடை' என்று குறித்துவிட்டால் போதும்.

பைனாகுலரைச் சரிசெய்தல்

தொடக்கத்துக்கு 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10 மடங்குக் கருவி இன்னும் பெரிதாகக் காட்டும், ஆனால் கைநடுக்கமும் அதோடு பெரிதாகும். பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறையும். புதரில் துள்ளும் கதிர்க்குருவியை அதில் பிடிப்பது புதியவர்களுக்குக் கடினம். கண்ணாடி அணிபவர்கள் கண்குவளைகளை உள்ளே தள்ளிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் சுற்றிலும் கறுப்பு வளையம் தெரியும்.

வலக்கண் லென்ஸை மூடி, நடுச்சக்கரத்தைச் சுழற்றி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடப்பக்கத்தை மூடி, அதே பொருளை வலக்கண்ணால் பார்த்து, நடுச்சக்கரத்தைத் தொடாமல் வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்பித் தெளிவாக்குங்கள். அந்த வளையம் நின்ற இடத்தில் சிறு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், உறையில் போட்டு எடுக்கும்போது அது நகர்ந்துவிடும். இதைச் செய்யாதவர்கள்தாம் அரை மணியில் தலைவலி என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பறவையைக் கண்டதும் கண்ணை அதைவிட்டு எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்தால் பறவை தொலைந்தது.

கையேட்டைத் திறக்கும் முன் எழுதுங்கள்

அறிமுகமில்லாத பறவை என்றால் இந்த வரிசை முக்கியம். படங்களை முதலில் பார்த்துவிட்டால், பார்க்காத புருவக்கோடும் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூளை அப்படித்தான் வேலை செய்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் முதலில் எழுத்து, பிறகு கையேடு.

தெரிந்த ஒரு பறவையோடு ஒப்பிட்டு அளவை எழுதுங்கள்: 'மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிட நீளம்'. அடுத்து அலகு: தலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு, நேரா, வளைந்ததா. கால் நிறம். முகத்தில் கோடு உண்டா, கண்ணுக்கு மேலா, கண் வழியாகவா. இறக்கையில் பட்டை. பறக்கும்போது முதுகின் கீழ்ப்பகுதியும் வாலும் என்ன நிறம். குரல். என்ன செய்துகொண்டிருந்தது. கடைசியாக வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது, எவ்வளவு தூரம், எத்தனை நொடி பார்த்தீர்கள். சூரியனுக்கு எதிரே பார்த்த பறவையின் நிறத்தை நம்பவே கூடாது. வடிவத்தையும் அசைவையும் நம்பலாம்.

வசந்தத்தில் ஒரு கூடுதல் தொல்லை, கூடுதல் உதவி என்றும் சொல்லலாம். வலசை கிளம்பும் முன்பே பல பறவைகள் இனப்பெருக்கக் கோலத்துக்கு மாறத் தொடங்கிவிடும். குளிர்காலத்தில் பொன்னும் பழுப்புமாய்ப் பொட்டிட்டிருந்த பொன்னிற உப்புக்கொத்தியின் முகம் முதல் வயிறு வரை கறுத்து, ஓரத்தில் வெள்ளைப் பட்டை ஓடும். பட்டைவால் மூக்கன் என்ற நீண்ட அலகுள்ள கரைப்பறவையில் ஆண் செங்கல் நிறமாகச் சிவக்கும், பெண் அவ்வளவு சிவப்பதில்லை. பாதி மாறிய பறவை எந்தக் கையேட்டிலும் இருக்கும் படம்போல இராது. அதைப் புது இனம் என்று எண்ணிவிடாமல், 'மார்பில் கறுப்புத் திட்டுகள், பாதி மாற்றம்' என்று எழுதுங்கள். ஒரு கூட்டத்தில் எத்தனை பறவைகள் முழுக் கோலத்தில் இருந்தன என்ற எண், கிளம்பும் காலம் எவ்வளவு நெருங்கியது என்பதை அனுபவமுள்ளவர்களுக்குச் சொல்லிவிடும்.

வாலாட்டிகளில் நடக்கும் குழப்பமும் பழகிப்போன ஒன்று. வயிறு மஞ்சள் என்ற ஒரே காரணத்தால் சாம்பல் வாலாட்டியை மஞ்சள் வாலாட்டி என்று எழுதிவிடுவார்கள். முதுகைப் பாருங்கள்: சாம்பல் வாலாட்டிக்குச் சாம்பல் முதுகும் மிக நீண்ட வாலும், மஞ்சள் வாலாட்டிக்குப் பச்சை கலந்த முதுகு, வால் அவ்வளவு நீளமில்லை.

ஒலியை வைத்து இனம் சொல்லும் மெர்லின் செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அது சொன்ன பெயரை அப்படியே பட்டியலில் ஏற்றக்கூடாது. துடுப்புவால் கரிச்சான் போன்றவை பிற பறவைகளின் குரலை அச்சாகப் பேசும், செயலி ஏமாந்துவிடும். பெயர் திரையில் வந்தால் அந்தத் திசையில் தேடிப் பார்த்தோ, குரலை நீங்களே அறிந்தோ உறுதிசெய்த பிறகுதான் அது உங்கள் பதிவு.

எண்ணிக்கை

'நிறைய', 'கூட்டமாக' என்பவை பிறருக்குப் பயன்படாத சொற்கள். ஒருவருக்கு நிறைய என்பது இருபது, இன்னொருவருக்கு இரண்டாயிரம். முப்பது வரை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல், பத்துப் பறவைகளை எண்ணி, அவை அடைத்த பரப்பைக் கண்ணில் பிடித்து, அந்தப் பரப்பு கூட்டத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பாருங்கள். ஆயிரங்களில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறு. பெருங்கூட்டத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். இருமுறை மதிப்பிட்டு இரண்டையும் எழுதுங்கள்: '350–420'.

குட்டைக்கு மேல் சுற்றிச் சுற்றிப் பறக்கும் தகைவிலான்களைக் கடந்துபோன தடவைகளாக எண்ணினால் பத்துப் பறவை நூறாகிவிடும். ஒரே பார்வையில் அதிகமாகத் தெரிந்த எண்ணே உங்கள் எண். ஒரே திசையில் நில்லாமல் கடந்துபோகும் வலசைக் கூட்டத்துக்கு மட்டும் பத்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி, திசையையும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் எழுதும்போது

தமிழில் கொக்கு, நாரை, உள்ளான், ஆலா எல்லாம் குடும்பப் பெயர்கள்போல. 'நாரை' என்று எழுதினால் ஒரு ஊரார் ஒன்றை நினைப்பார்கள், அடுத்த ஊரார் வேறொன்றை. அடைமொழியோடு முழுப்பெயரை எழுதுங்கள்: கருவால் மூக்கன், கொசு உள்ளான், நீலவால் பஞ்சுருட்டான். குழப்பம் வரக்கூடிய இடத்தில் அறிவியல் பெயரையும் சேருங்கள். தகைவிலானுக்கு ஹிருண்டோ ரஸ்டிகா என்று ஒரு முறை குறித்துவிட்டால் யாரும் வேறு பறவையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ப் பெயர்களை விட்டுவிடச் சொல்லவில்லை, அவை அருமையானவை. 'ஆறுமணிக் குருவி' என்ற பெயர் அந்தப் பறவை எப்போது குரல் கொடுக்கும் என்பதையே சொல்லிவிடுகிறது. முழுப்பெயருக்குப் பக்கத்தில் அதையும் எழுதுங்கள்.

எந்த இனம் என்று தெரியவில்லையா? 'உள்ளான் வகை, இனம் தெரியவில்லை, 3' என்பது முழுமையான, நேர்மையான பதிவு. ஊகித்து எழுதிய பெயர்தான் பிறகு பலரை அலைக்கழிக்கும்.

பட்டியலை ஏற்றுதல்

கார்னெல் பறவையியல் ஆய்வகமும் அடுபான் சங்கமும் 2002இல் தொடங்கிய இ-பேர்ட் என்ற பறவைப் பட்டியல் இணையத்தளம், இலவசமாக உலகெங்கும் பயன்படுகிறது. அதில் நான்கு இடங்களில் புதியவர்கள் சறுக்குவார்கள்.

நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிவிட்டீர்களா என்று கேட்கும் கேள்வி முதலாவது. காக்கை, மைனா உட்பட எதையும் விடாமல் எழுதியிருந்தால் மட்டுமே 'ஆம்'. அரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டு 'ஆம்' போட்டால், அன்று அங்கே காக்கையே இல்லை என்று பொருளாகிவிடும். பட்டியலில் இல்லாததை 'அன்று காணப்படவில்லை' என்று கணக்கில் எடுக்க முடிவது இந்த ஒரு விடையால்தான். முதலில் சொன்ன 'போன நாள்' முழுக்க இதன்மேல் நிற்கிறது.

அடுத்தது நின்று பார்த்ததா, நடந்து பார்த்ததா என்பது. 30 மீட்டருக்குள் நின்றிருந்தால் நிலையான பட்டியல், அதற்கு மேல் நடந்திருந்தால் பயணப் பட்டியல். போன வழியே திரும்பி வந்தால் ஒருவழித் தூரத்தை மட்டும் கொடுங்கள். நீண்ட நாளைச் சிறு பட்டியல்களாக வெட்டுங்கள். பத்துக் கிலோமீட்டர் பட்டியலில் பறவை எங்கே இருந்தது என்று யார் சொல்வது?

மூன்றாவது, ஐந்து பேர் சேர்ந்து போனால் ஒருவர் பட்டியலிட்டு மற்றவர்களோடு பகிர வேண்டும். ஐவரும் தனித்தனியே ஏற்றினால் பதினான்கு மூக்கன்கள் எழுபதாகத் தோன்றும். கடைசியாக, 'இந்தத் தேதிக்கு இது வழக்கமில்லை' என்று எச்சரிக்கை வந்தாலோ சரிபார்ப்பவர் கேள்வி கேட்டாலோ கோபப்படாதீர்கள். வசந்தத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அது வரத்தான் செய்யும், ஏனெனில் எல்லைத் தேதிகள் அங்கேதான் இருக்கின்றன. களத்தில் எழுதிய வர்ணனையை அப்படியே ஒட்டுங்கள், மங்கலான படமானாலும் சேருங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பருவத்தின் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் நோக்கர்களுக்கு உடனே சொல்ல

பட்டியல் இரவில் ஏற்றலாம். பறவை இருக்கும்போதே மற்றவர்கள் வந்து பார்க்க வேண்டுமானால் செய்தி களத்திலிருந்தே போக வேண்டும். இப்படி எழுதினால் போதும்:

பட்டைவால் மூக்கன், 14 (சிவந்த கோலத்தில் 6). வடக்குச் சேற்றுமேடு, பார்வைக் கோபுரத்திலிருந்து சுமார் 150 மீ. 12 ஏப்ரல், 06:50–07:20, உயர் ஓதம். பறக்கையில் வாலில் பட்டைகள் தெரிந்தன, இறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லை. 07:20க்கு வடக்கே கிளம்பின. படம் உண்டு.

எப்படி அறிந்தீர்கள் என்ற அந்த ஒரு வரியை விடாதீர்கள். கருவால் மூக்கனுக்கு இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டையும் கறுத்த வாலும் உண்டு; அதை விலக்கிப் பார்த்திருக்கிறீர்கள் என்று படிப்பவருக்கு உடனே புரியும். பறவை பறந்துபோனதையும் சொல்லுங்கள், வீணாக வரவிருந்தவர் நின்றுகொள்வார். தேடிப் போய்க் கிடைக்கவில்லை என்றால் '08:00–08:45 தேடியும் இல்லை' என்பதும் அதே மதிப்புள்ள செய்தி.

தவறாகச் சொல்லிவிட்டால் செய்தியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். அதற்குள் நாலு பேர் குறித்துக்கொண்டிருப்பார்கள். 'காலையில் சொன்னது கருவால் மூக்கன், படத்தில் இறக்கைப் பட்டை தெரிகிறது' என்று அதே இடத்தில் எழுதுங்கள், பட்டியலையும் திருத்துங்கள். பிறருடைய பதிவில் ஐயம் வந்தால் 'இருக்கவே முடியாது' என்பதற்குப் பதில் 'இறக்கையைப் பார்த்தீர்களா?' என்று கேட்டால் புதியவர் அடுத்த முறையும் பகிர்வார்.

சொல்லக் கூடாதவை

வசந்தம் கூடுகட்டும் காலமும்கூட. கூடு, ஆந்தை அடையும் மரம், வேட்டைக்கோ கடத்தலுக்கோ ஆளாகும் இனம், இவற்றின் துல்லியமான இடத்தை எவ்வளவு நெருங்கியவர்கள் இருக்கும் வட்டத்திலும் போடாதீர்கள். ஒருவர் வந்து பார்ப்பதால் கெடாத கூடு இருபது பேர் வரிசையாக வந்தால் கைவிடப்படலாம். வரைபட எண்களில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் என்றால் சுமார் 11 மீட்டர், அந்த மரத்தையே சுட்டிக்காட்டிவிடும். இரண்டு இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் அளவுக்குப் பொத்தாம்பொதுவாகிவிடும். கைபேசிப் படத்துக்குள் இடத்தகவல் ஒளிந்திருக்கும். படத்தை மூலக்கோப்பாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும், முன்பே நீக்கிவிடுங்கள்.

பறவையை வெளியே வரவழைக்கக் குரல் பதிவை ஒலிக்கவிடுவதை இந்த மாதங்களில் அறவே தவிருங்கள். எல்லைக்குள் போட்டி வந்துவிட்டதென்று ஆண் பறவை இரையையும் துணையையும் விட்டு அலையும். கரைப்பறவைகளைக் கூட்டமாக எழுப்பி விட்டுப் படமெடுப்பதும் அப்படியே. நெடும்பயணத்துக்கு முன் உடல் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும் இனங்கள் அவற்றில் உண்டு. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் சேர்த்த கொழுப்பிலிருந்து கொஞ்சம் பறிக்கிறீர்கள். மேய்ந்த பறவைகள் தலை நிமிர்ந்து நின்றாலே நீங்கள் போதுமான அளவு நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், அங்கேயே நில்லுங்கள்.

காலில் வளையம் கண்டால்

கரைப்பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய வண்ண வளையமோ எழுத்துள்ள சிறு கொடியோ இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள். இடது, வலது என்பது பறவையின் இடது, வலது. உங்கள் பக்கமிருந்து பார்ப்பதல்ல. தவறு நேர்வது பெரும்பாலும் இங்கேதான். காலின் மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக என்னென்ன நிறம், எழுத்து என்ன என்று எழுதுங்கள். வெயிலில் வெளுத்த மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். ஐயமிருந்தால் 'மஞ்சள் அல்லது வெள்ளை' என்றே எழுதுங்கள். பல படங்கள் எடுத்து வளையமிடும் திட்டத்தாருக்கு அனுப்பினால், அந்தப் பறவை எங்கே, எப்போது பிடித்து விடப்பட்டது என்ற தகவல் பெரும்பாலும் திரும்பி வரும்.

எப்போது நிறுத்துவது

கடைசிப் பறவையைப் பார்த்த நாளோடு நடையை நிறுத்திவிடாதீர்கள். அதன் பிறகும் இரண்டு வாரம் அதே பாதையில் போய், இல்லை என்பதைப் பட்டியலில் பதியுங்கள். அப்படிப் போகும்போது ஜூனிலும் சேற்றில் சில மூக்கன்களோ உப்புக்கொத்திகளோ மங்கிய நிறத்தில் நிற்கக் காணலாம். அவை வழிதவறியவையும் அல்ல, அடுத்த பருவத்துக்கு முந்தி வந்தவையும் அல்ல. முதல் ஆண்டுப் பறவைகள் பல வடக்கே போகாமல் குளிர்கால இடத்திலேயே தங்கிவிடும். அவற்றைக் 'கடைசி நாள்' கணக்கில் சேர்க்காமல், 'கோடையில் தங்கியவை, இனப்பெருக்கக் கோலம் இல்லை, 5' என்று தனியே எழுதுங்கள்.